மொன்ஜானைப் பார்க்கப் போகிறவருக்கு: மணற்பாறையைப் படிக்கும் முறை

ஆஸ்திரேலியாவின் பாறை வாலபிகள் 17 இனங்களாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகச் சிறியது மொன்ஜான். நன்கு வளர்ந்த ஒன்றின் எடைகூட ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. தலையும் உடலுமாகச் சேர்த்து 30 முதல் 35 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், வால் அதைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கும். கங்காருக் குடும்பத்து விலங்கு என்ற நினைப்போடு ஆளுயர உருவத்தை எதிர்பார்த்துப் போகிறவர், முயலளவேயான இந்த விலங்கு பத்தடி தூரத்தில் அமர்ந்திருந்தாலும் கவனிக்காமல் கடந்துவிடுவார். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கிம்பர்லி வட்டாரத்தின் வடமேற்குக் கரையோர மணற்கல் நிலத்திலும், அதை ஒட்டிய கடலில் பிக், பூங்காரி, கேட்டர்ஸ் போன்ற சில தீவுகளிலும் மட்டுமே அது வாழ்கிறது. அந்நிலம் எவ்வளவு எட்டாத இடத்தில் இருக்கிறது என்பதற்கு, அறிவியல் உலகம் மொன்ஜானைத் தனி இனமாக விவரித்துப் பெயரிட்டதே 1978ஆம் ஆண்டில்தான் என்பது ஒன்றே போதிய சான்று.

அந்த நிலத்துக்குப் போய் மொன்ஜானைக் கண்ணால் காண விரும்புகிறவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்ற உறுதியை யாராலும் தர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆயினும் அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிப் போவதற்கும், எந்தப் பாறைக்கு எதிரே எந்த நேரத்தில் உட்கார வேண்டும் என்று தெரிந்து போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. பாறை வாலபி தன் பகல் பொழுதுகளை ஒரு சில வெடிப்புகளுக்குள்ளேயே கழிக்கிறது. இரவில் மேயப் போனாலும் அவற்றை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. ஆகையால் விலங்கைத் தேடி அலைவதைவிட, அது குடியிருக்கத்தக்க பாறையை அடையாளம் காணக் கற்றுக்கொள்வதே பயன் தரும்.

எந்தப் பாறை, எந்த வெடிப்பு

மொன்ஜான் வாழும் இந்தக் கிம்பர்லி நிலத்தில் உள்ள மிட்செல் பீடபூமிக்குச் செல்லும் மண்சாலை, விசிறிப் பனைகள் நிறைந்த செந்நிலத்தின் ஊடாக நெடுந்தூரம் போகிறது. பார்வைக்கு மிக அழகான இந்தப் பனங்காடு, பழைய எரிமலைப் பாறையின் மேல் உருவான செம்புறைக்கல் படிவத்தின் மீது நிற்கிறது. இங்கே வண்டியை நிறுத்தி மொன்ஜானைத் தேடுவது வீண் வேலை; கல் உண்டு, ஒளிய இடமில்லை. பீடபூமியின் ஓரங்களில், ஆறுகளும் ஓடைகளும் அரித்து இறங்கும் இடங்களில்தான், கிங் லியோபோல்ட் மணற்கல் என்று நிலவியல் நூல்கள் குறிப்பிடும் பாறை வெளித்தெரிகிறது. ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலாகப் படிந்து இறுகிய இந்தக் கல், கிடைமட்டத்தில் அடுக்கடுக்காகவும் செங்குத்தில் நீண்ட கோடுகளாகவும் பிளந்துகொள்ளும் இயல்புடையது. இவ்விரு வகைப் பிளவுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் பாறை பெரும் பெட்டிகளாக உடைந்து சரிகிறது. அப்பெட்டிகளுக்கு இடைப்பட்ட சந்துபொந்துகளே மொன்ஜானின் இருப்பிடம்.

எல்லாச் சந்தும் அதற்கு உதவாது. முதலில் அகலத்தைப் பாருங்கள். ஒரு மனிதர் தோளை நுழைக்கக்கூடிய வெடிப்பில் டிங்கோ நாயும் நுழைந்துவிடும் என்பதால், வாய் குறுகி உள்ளே விரிந்து செல்லும் வெடிப்புகளே நம் கவனத்துக்கு உரியவை. அடுத்தது ஆழம். பகல் வெயிலில் வெளிப்பாறை கைவைக்க முடியாதபடி கொதிக்கும்போதும், ஆழமான வெடிப்பின் உட்புறம் குளிர்ச்சியும் ஈரமும் மாறாமல் இருக்கும். உடல் சிறிதான விலங்கு வெப்பத்தில் விரைவாக நீரை இழக்கும் என்பதால், மொன்ஜானுக்கு இந்த ஆழம் வசதியல்ல, உயிர்த்தேவை. மூன்றாவது, வேறு வழி. ஒரே வாய் உள்ள பொந்தில் மலைப்பாம்பு நுழைந்துவிட்டால் தப்பிக்க முடியாது. ஆகவே தனித்து நிற்கும் ஒற்றைப் பாறையைவிட, பல பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, ஓரிடத்தில் நுழைந்தால் வேறிடத்தில் வெளிவரலாம் என்ற நிலையில் உள்ள சரிவுகளைத் தேர்ந்தெடுங்கள். வெடிப்புக்குள் கையையோ முகத்தையோ நுழைத்துப் பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருப்பது மொன்ஜானாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த மூன்றும் பொருந்திய பாறையைக் கண்ட பிறகு, சற்றுப் பின்வாங்கி நின்று அதன் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். மொன்ஜான் புல்லும் தழையும் தின்னும் விலங்கு. பாறைச் சரிவின் அடியில் புல் வளர்ந்த திறந்த மரக்காடோ, ஈரம் தங்கும் பள்ளத்தில் கொடிகள் அடர்ந்த புதர்க்காடோ இருந்தால் அந்த இடத்தின் மதிப்பு உயரும். வெடிப்பிலிருந்து மேய்ச்சலுக்கு இறங்கும் வழியில், வெவ்வேறு உயரங்களில் பாறைத் திட்டுகள் படிகளைப்போல அமைந்திருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். வழவழப்பான ஒரே செங்குத்துச் சுவர் மனிதக் கண்ணுக்குக் கம்பீரமாகத் தோன்றலாம். தாவித் தாவி ஏற வேண்டிய விலங்குக்கு அதனால் பயன் குறைவு.

தீயின் தடத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். வட ஆஸ்திரேலியாவில் புல்வெளி எரிவது ஆண்டுதோறும் நடப்பது. வறட்காலத்தின் தொடக்கத்தில், புல்லில் இன்னும் ஈரம் இருக்கும்போது வைக்கப்படும் சிறு தீ, திட்டுத்திட்டாக எரிந்து அணைந்துவிடும். காலம் கடந்து பற்றும் தீயோ பரந்த நிலத்தை ஒரேயடியாக அழித்துவிடும். அண்மையில் முழுவதும் எரிந்த சரிவில் உணவும் இல்லை, மறைவும் இல்லை. போதாக்குறைக்கு, காட்டில் பெருகிவிட்ட வீட்டுப் பூனைகள் அப்படி எரிந்து வெளியாகிக் கிடக்கும் இடங்களைத் தேடிவந்து வேட்டையாடுகின்றன என்பதைக் கிம்பர்லியில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மரத்தண்டுகள் தலைவரை கருகியிருக்கும் சரிவைக் கைவிட்டு, எரிந்ததும் எரியாததுமாகக் கலந்துள்ள சரிவைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

புழுக்கையும் பளபளப்பும்

விலங்கைக் காண்பதற்கு முன்பே அது அங்கே இருக்கிறதா என்று அறிய இரண்டு தடயங்கள் உதவும். முதலாவது புழுக்கை. பாறை வாலபிகளின் புழுக்கை பொதுவாக நீள்உருளை வடிவில், ஒரு முனை சற்றே கூம்பியதாக இருக்கும். பெரிய இனங்களின் புழுக்கை 2 சென்டிமீட்டர் அளவுக்கு நீளும், மொன்ஜானுடையது அதைவிட மிகச் சிறிது. மழை நேரடியாக விழாத பாறைக் கூரையின் கீழும், அகலமான திட்டுகளின் உட்புறத்திலும் இது சேர்ந்து கிடக்கும். புதிய புழுக்கை கருத்து, மேலே லேசான மினுமினுப்புடன் இருக்கும். நாட்பட்டது வெளுத்துச் சாம்பல் நிறமாகி, குச்சியால் தொட்டால் உதிர்ந்து, உள்ளிருக்கும் புல்நாரைக் காட்டிவிடும். பாறைக் கூரையின் கீழ் மழை படாமல் கிடக்கும் பழைய புழுக்கை நெடுங்காலம் கெடாமல் இருக்கக்கூடும் என்பதால், குவியல் பெரிதாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், அதில் கருமையானது எத்தனை என்று பாருங்கள். எண்ணிக்கையைவிட ஈரமே முக்கியம்.

அதே பாறைகளில் பாசம் (possum) எனப்படும் பையுள்ள விலங்குகளும் வாழ்கின்றன. அவற்றின் புழுக்கையும் இதுபோன்றே தோன்றலாம். ஆகையால் புழுக்கையை மட்டும் வைத்து இனத்தை அறுதியிட்டுச் சொல்லாதீர்கள். அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்வதே போதும். புழுக்கையிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து இனத்தை உறுதிசெய்யும் முறை ஆய்வாளர்களிடம் உண்டு. ஆனால் அதற்காகச் சேகரிப்பது அனுமதி பெற்றவர்களின் வேலை.

இரண்டாவது தடயம் பாறையின் பளபளப்பு. இதைப் புரிந்துகொள்ள, பாறை வாலபியின் காலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சமவெளிக் கங்காருவின் பின்னங்கால் நகம் நீண்டு முன்னால் துருத்தி நின்று மண்ணைப் பற்றிக்கொள்கிறது. பாறை வாலபிக்கு நகம் குட்டை. அதற்குப் பதிலாக உள்ளங்கால் தடித்து, சொரசொரப்பான சிறு மணிகள் பதித்தாற்போல் அமைந்து, ஓரங்களில் விறைப்பான முடியுடன் இருக்கிறது. பாறையில் வழுக்காமல் நிற்பது இந்தச் சொரசொரப்பினால்தான். வாலும் அப்படியே: கங்காருவின் வால் அடியில் பருத்து, உட்காரும்போது ஊன்றுகோலாகப் பயன்படுகிறது, பாறை வாலபியின் வால் நீண்டு ஒரே சீராக, நுனியில் குஞ்சத்துடன், தாவும்போது சமநிலை காக்க உதவுகிறது. மரபணு ஆய்வுகளின்படி பாறை வாலபிகளுக்கு மிக நெருங்கிய உறவு, நியூ கினியிலும் வட குயின்ஸ்லாந்திலும் மரமேறி வாழும் மரக்கங்காருக்களே என்பது இந்த உடலமைப்பைப் பார்க்கும்போது வியப்பாகத் தோன்றாது.

இத்தகைய கால்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வந்து இறங்கும்போது பாறை தேய்ந்து மெருகேறுகிறது. மணற்கல்லின் இயல்பான மேற்பரப்பு உப்புக்காகிதம்போலக் கரடுமுரடாக, ஒளியைச் சிதறடித்து மங்கலாகத் தோன்றும். வாலபிகள் இறங்கும் முனையிலோ, உள்ளங்கை அகலமுள்ள ஒரு பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும். நண்பகலில் இது தெரியாது. சாயுங்காலத்துச் சாய்ந்த ஒளியில் பாருங்கள், அல்லது கைவிளக்கைப் பாறையோடு படுக்கவைத்தாற்போல் பிடித்து ஒளியை ஓட்டுங்கள். மெருகேறிய இடம் மட்டும் தனியாக மின்னும். அப்படி ஒன்று கிடைத்தால், அங்கிருந்து ஒரு தாவு தூரத்தில் அடுத்ததையும், அதற்கு அடுத்ததையும் கண்கள் தாமாகவே தேடத் தொடங்கும். சிறிது நேரத்தில் வெடிப்பின் வாயிலிருந்து புல்தரைவரை ஒரு வழியே புலப்பட்டுவிடும். எடை மிகக் குறைந்த மொன்ஜானின் தடத்தில் இந்த மெருகு மெலிதாகத்தான் இருக்கும் என்பதால், பெரிய இனங்களின் பாறைகளில் முதலில் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

எளிய இடத்தில் பயிற்சி

முதன்முதலாகப் பாறை வாலபியைப் பார்க்கவே நேராக மிட்செல் பீடபூமிக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தனை செலவும் தூரமும் கடந்து போய், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பதில் பொருளில்லை. குயின்ஸ்லாந்தில் டவுன்ஸ்வில் நகரிலிருந்து படகில் செல்லக்கூடிய மேக்னெடிக் தீவில், ஜெஃப்ரி விரிகுடாவை ஒட்டிய கருங்கல் உருண்டைகளில் வேறொரு பாறை வாலபி இனம் மாலை வேளையில் வெளிப்படையாக வந்து அமர்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. தொலைவிலுள்ள சிம்சன்ஸ் கணவாயில், சரிந்து கிடக்கும் கற்குவியல்களின் மேல் கருங்கால் பாறை வாலபியை அதிகாலையிலும் அந்தியிலும் காணலாம். தெற்கு ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் மலைத்தொடரில், பிராச்சினா பள்ளத்தாக்கில், வரிவரியான வாலுடைய மஞ்சட்கால் பாறை வாலபி இருக்கிறது. இதுவே அழகில் தலையாயது என்பது பலருடைய கருத்து, அதில் எனக்கும் மறுப்பில்லை.

இவற்றில் எந்த இடத்துக்குப் போனாலும், விலங்கைப் பார்த்த மகிழ்ச்சியோடு திரும்பிவிடாமல், அது எந்த வெடிப்பிலிருந்து வந்தது, வெயில் எந்தத் திசையில் இருந்தபோது வந்தது, எந்தத் திட்டில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தது, மிரண்டபோது மேலே ஏறியதா பக்கவாட்டில் ஓடியதா என்று கவனித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் இருக்கும் பாறை வாலபி கல்லோடு கல்லாகிவிடும். அதைக் காட்டிக்கொடுப்பவை மூன்று: திரும்பும் காது, திட்டின் விளிம்பிலிருந்து கீழே தொங்கும் வால், கல்லுக்கு இல்லாத வளைவான முதுகு. இந்த மூன்றையும் எளிய இடத்தில் நூறு முறை பார்த்த கண்ணுக்கே, கிம்பர்லியில் ஒரு முறை தெரியும் வாய்ப்பு உண்டு.

பயணமும் அனுமதியும்

மிட்செல் பீடபூமி, வுனாம்பல் காம்பேரா மக்களின் நிலம். 2011இல் அவர்களுடைய மரபுவழி உரிமையை நீதிமன்றம் ஏற்றது. புனாமீ-உன்பூ என்று அவர்கள் அழைக்கும் மிட்செல் அருவிக்கும், கிங் எட்வர்ட் ஆற்றங்கரையில் உள்ள முனுருவுக்கும் செல்ல, ஊங்கூ (அம்மக்கள் தம் நிலத்தை அழைக்கும் பெயர்) பார்வையாளர் அனுமதியைப் புறப்படுவதற்கு முன்பே இணையவழியில் பெற்றுக்கொள்ள வேண்டும். தீவுகளில் இறங்குவதற்கும் உரிமையாளர்களின் இசைவு வேண்டும். தீவுக்குப் போகிறவர், தம் பையையும் காலணியையும் கூடாரத்தையும் கரையிலேயே உதறிச் சோதித்து, எலியோ எறும்போ களைவிதையோ தம்மோடு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது கட்டாயக் கடமை; பூனை எட்டாத அந்தச் சிறு தீவுகள் மொன்ஜானுக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பதை நினைத்தால் இந்தத் தொல்லை பெரிதாகத் தோன்றாது.

சாலை வழியாகப் போகிறவர்கள் கிப் ஆற்றுச் சாலையிலிருந்து வடக்கே கலும்புரு சாலையில் திரும்பி, ஏறத்தாழ 160 கி.மீ. சென்ற பின் மேற்கே பிரியும் தடத்தில் மேலும் 80 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள உயரமான வண்டி இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. கலும்புரு சாலையில் திரும்பிய சிறிது தூரத்தில் உள்ள டிரைஸ்டேல் ஆற்றுப் பண்ணையில் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தடம் மூடப்பட்டுவிடும். பொதுவாக மே மாதம் முதல் அக்டோபர்வரை பயணம் செய்யலாம் என்றாலும், திறக்கும் நாளை மழைதான் முடிவு செய்கிறது. என் கணிப்பில் ஜூன், ஜூலை மாதங்களே ஏற்றவை: காலைக் குளிரில் விலங்குகள் பாறையில் வெயில் காய வெளிவருவதற்கு வாய்ப்புண்டு, புல்லும் முற்றாகக் காய்ந்திராது.

அருவிக்குச் செல்லும் நடைபாதை போகவர எட்டரை கி.மீ. அளவுள்ளது, கூடார முகாமிலிருந்து தொடங்கி, சிறிது தூரத்திலேயே லிட்டில் மெர்டென்ஸ் அருவியைத் தொட்டு, மணற்கல் தளங்களின் மேலாகப் போகிறது. நான்கு அடுக்குகளாக விழும் பெரிய அருவியைப் பார்ப்பதற்குப் பகலைச் செலவிடுங்கள். மொன்ஜானுக்காக அந்தியில் உட்காரும் இடத்தை மட்டும் முகாமுக்கு அருகிலேயே தேர்ந்தெடுங்கள். இருட்டில் பாறைத் தளத்தின் மேல் வெகுதூரம் நடந்து திரும்புவது ஆபத்தானது, பாதை அடையாளங்கள் விளக்கொளியில் எளிதில் தவறிவிடும். இருட்டிய பின் நடமாடலாமா என்பதைக் காவலர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டின் ஆறுகளில் உவர்நீர் முதலைகள் உண்டு. அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் எந்த நீரிலும் இறங்காதீர்கள்.

பாறைக் கூரைகளின் கீழ் வாஞ்சினா, குவியோன் உருவங்கள் தீட்டப்பட்டிருப்பதைக் காண நேரும். அவை அம்மக்களின் வழிபாட்டோடும் சட்டத்தோடும் பிணைந்தவை. புழுக்கை தேடும் ஆர்வத்தில் ஓவியம் உள்ள கூரைக்குள் ஏறுவதும், கல்லை நகர்த்துவதும், சுவரில் கைவைப்பதும் பொறுக்க முடியாத செயல்கள். பார்வையாளருக்குத் திறக்கப்பட்ட இடங்களோடு நின்றுவிடுங்கள்.

உட்காரும் கலை

பகலிலேயே இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகப் போய் அமர்ந்துவிட வேண்டும். பாறைச் சரிவின் மேல் ஏறாதீர்கள். அதற்கு எதிரே, 40 அல்லது 50 மீட்டர் தள்ளி, முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ பாறையோ இருக்கும்படி அமருங்கள். வானத்தின் பின்னணியில் தனித்துத் தெரியும் மனித உருவத்தைப் போல விலங்கை மிரட்டுவது வேறில்லை. காற்று சரிவிலிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும். ஒரு பிடி உலர்ந்த மண்ணை நழுவவிட்டுப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். மாலையில் முதலில் நிழல் விழுவது பாறையின் கிழக்கு முகத்தில் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே விலங்கைக் காண விரும்பினால் கிழக்கு நோக்கிய சரிவே சிறந்தது.

எட்டு மடங்கு பெருக்கம் உள்ள ஒரு தொலைநோக்கி போதும்; அதைவிட அதிகமானால் கை நடுக்கமும் பெருகும். அதை எந்நேரமும் கண்ணில் வைத்துக்கொண்டிருக்காமல், வெறுங்கண்ணால் முழுச் சரிவையும் பார்த்தபடி இருந்து, ஏதேனும் அசைந்தால் மட்டும் எடுத்துப் பாருங்கள். முன்பே கண்டுபிடித்து வைத்த வெடிப்பு வாய்கள், மெருகேறிய முனைகள், அவற்றுக்கு இடைப்பட்ட திட்டுகள் ஆகியவற்றின் மேல் பார்வையை ஒரு வரிசையில் ஓட்டி, மறுபடி தொடக்கத்துக்கு வாருங்கள். பின்னங்காலால் பாறையைத் தட்டும் ஒற்றை ஒலி கேட்டால், அது எச்சரிக்கை. உங்களை ஒன்று பார்த்துவிட்டது என்று பொருள். அப்போது எழுந்து தேடப் போனால் அன்றைய மாலை முடிந்தது. அசையாமல் இருந்தால், சற்று நேரத்தில் அதே இடத்தில் மீண்டும் தலை தெரிய வாய்ப்பு உண்டு.

இருட்டிய பிறகு வெண்ணிற விளக்கை நேராக அடிக்காதீர்கள். சிவப்பு ஒளியுள்ள தலைவிளக்கைக் குறைந்த அளவில் வைத்து, ஒளியின் ஓரம் மட்டும் விலங்கின் மேல் படும்படி ஒரு சில நொடிகள் பார்த்துவிட்டு விலக்கிவிடுங்கள். கேமராவின் பளிச்சொளியும் வேண்டாம். கண் கூசிய நிலையில் பாறையில் தாவும் விலங்கு கால் தவறி விழக்கூடும். படம் சற்று மங்கலாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

பார்த்தது மொன்ஜான்தானா?

இதே நிலப்பகுதியில் குறுங்காது பாறை வாலபியும் உண்டு. அது மூன்று கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. வளர்ந்த விலங்கை மொன்ஜானோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. குழப்பம் அதன் குட்டியால்தான் வரும். குட்டிக்குத் தலைக்கும் காலுக்கும் உடலோடு பொருத்தம் இராது. மொன்ஜானோ சிறிதாக இருந்தாலும் எல்லா அளவும் நிறைவுற்ற முழு விலங்காகத் தோன்றும். காது குட்டையாகவும் வட்டமாகவும் இருக்கும், முதுகில் காவியும் ஆலிவ் நிறமும் கலந்து சாம்பற்கருமை தீற்றியதுபோல் தெரியும், வயிற்றுப்புறம் தந்தமஞ்சளாக இருக்கும்.

நபார்லெக் என்ற மற்றோர் இனம் மொன்ஜானைவிட மிகச் சற்றே பெரியது. ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள ஆர்னெம் நிலத்திலும் கிம்பர்லிக் கரையோரத்தின் சில தீவுகளிலும் அது வாழ்கிறது. வாழ்நாள் முழுவதும் கடைவாய்ப் பற்கள் பின்னிருந்து முளைத்து முன்னோக்கி நகர்ந்து, தேய்ந்தவை விழ விழப் புதியவை இடம்பிடிக்கும் அமைப்பு, பையுள்ள பாலூட்டிகளில் அதற்கு மட்டுமே உரியது. களத்தில் நின்று பல்லை எண்ண முடியாது என்பதால், இடமே இங்கு முதல் சான்று. அதன் பிறகே அளவும் நிறமும். ஐயம் இருந்தால் "சிறு பாறை வாலபி" என்று மட்டும் குறித்துக்கொள்வது நேர்மையானது.

செய்யக் கூடாதவை சில

உணவு கொடுக்காதீர்கள். ரொட்டி, பிஸ்கட், பழத்துண்டு ஆகியவை வாலபிகளின் செரிமானத்தைக் கெடுப்பதோடு, தாடை எலும்பு வீங்கி அழுகும் நோய்க்கும் வழிவகுக்கின்றன. 2019-20ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் அரசு குச்சவால் பாறை வாலபிகளுக்காக ஹெலிகாப்டரிலிருந்து காரட்டையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் போட்டதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது வாழிடமே எரிந்துபோன நிலையில் வல்லுநர்கள் செய்த அவசர உதவி. பயணி தன் மகிழ்ச்சிக்காகக் கொடுக்கும் பிஸ்கட்டுக்கு அது சான்றாகாது.

வெடிப்பின் வாயில் தனியாகக் குட்டி ஒன்று இருந்தால், தாயால் கைவிடப்பட்டது என்று எண்ணி எடுத்துவிடக் கூடாது. சமவெளிக் கங்காருவின் குட்டி பையை விட்டு வெளிவந்ததும் தாயைத் தொடர்ந்து ஓடும். பாறை வாலபித் தாயோ, செங்குத்தான பாறையில் குட்டி தன்னோடு வர இயலாது என்பதால், அதைப் பாதுகாப்பான வெடிப்பில் விட்டுவிட்டு மேயப் போய்த் திரும்பும். நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய் வருவதைத் தள்ளிப்போடுகிறது. உடனே விலகிவிடுங்கள்.

குறிப்பு எடுத்தல்

மொன்ஜானைப் பற்றிய பதிவுகள் குறைவாக இருப்பதால், ஒரு பயணியின் நல்ல குறிப்புக்கும் மதிப்பு உண்டு. நாள், நேரம், வானிலை, பாறைச் சரிவு நோக்கும் திசை, வெடிப்பின் தோராய அகலம், அருகிலுள்ள செடிகொடி, கடைசியாகத் தீ வந்துபோனதன் அடையாளம், விலங்கு செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் நினைவு நம்பத்தக்கதல்ல. உயிரினங்களைக் கண்டதைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத் தளங்களில் பதியும்போது, இடத்தின் துல்லியமான புள்ளி பொதுமக்களுக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். துல்லியமான இடத்தை ஊங்கூ காவலர்களுக்குத் தனியாகத் தெரிவிக்கலாம். பூனையின் காலடித்தடமோ, பூனையையே கண்டதோ இருந்தால் அதை மொன்ஜானைக் கண்டதற்கு முன்பாகவே சொல்லுங்கள். அவர்கள் உடனே செயல்பட வேண்டிய செய்தி அதுதான். உட்கார்ந்து பார்த்தும் எதுவும் வராத மாலைகளையும், எத்தனை நேரம் எந்தச் சரிவைப் பார்த்தீர்கள் என்ற விவரத்தோடு பதிவு செய்யுங்கள்.